பத்திரிகையில் போட வேண்டிய பெயர்

சாமிக்கு,

மாலை போட்டிருக்கிறவரை ‘நீ’ என்று எழுதக்கூடாது என்பது எனக்குத் தெரியும். மூன்று வருடமாக ‘வாங்க சாமி, சாப்பிடுங்க சாமி’ என்றுதான் உன்னைக் கூப்பிடுகிறேன். பெற்ற பிள்ளையின் காலைத் தொட்டுக் கும்பிட்டும் இருக்கிறேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இந்தக் கடிதத்தில் அது முடியாது. உன் பச்சை வேட்டியையும் தாடியையும் பார்த்துக்கொண்டு பேச வேண்டியதைப் பேச எனக்கு வாய் வருவதில்லை. அதனால் தாளைப் பார்த்து, என் மகனிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். முருகன் கோபித்துக்கொண்டால் அவனுக்கும் ஒரு அம்மா இருக்கிறாள், அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

நேற்று மத்தியானம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டு முடித்து, சத்துணவுக் கூடத்தைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தபோது கோவில்பட்டி அச்சாபீஸ்காரர் போன் செய்தார். “யக்கா, பத்திரிகையில பொண்ணு பேரு இருக்கு, தாய் தகப்பன் பேரு இருக்கு, தாய்மாமன் பேரு கூட ரெண்டு எடத்துல இருக்கு. மாப்பிள பேரு இருக்க வேண்டிய எடத்துல ஒண்ணுமில்ல. கேட்டா, பொறவு சொல்லுதேன்னு எந்திரிச்சுப் போயிட்டாரு சாமி. நானும் சாமி சாமின்னே கூப்புட்டுப் பழகிட்டேன், எனக்கும் பேரு தெரியல” என்றார். மனுஷர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாயங்காலம் நீ வந்தாய். எருச் சாக்குகளை உதறிப் போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், “கல்யாணத்த அடுத்த தைக்குத் தள்ளிக்கிடுவோம்மா. இன்னொரு தடவ நடந்துட்டு வந்துருதேன்” என்றாய். ஏன் என்று கேட்டேன். நீ உன் தனித் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உன் கொட்டகைக்குப் போய்விட்டாய். நான் வாயைத் திறந்தால் நீ மூட்டைகளை அடுக்கக் கிளம்பிவிடுவாய் என்று இத்தனை வருடத்தில் நான் படித்துக்கொண்டேன். தாளைக் கண்டு நீ எங்கே ஓடுவாய் என்று பார்க்கலாம்.

காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. தாலி கட்ட வேண்டுமென்றால் மாலையைக் கழற்ற வேண்டும். மாலையைக் கழற்றினால் அன்றைக்குச் சாயங்காலம் உன் கால் எந்தப் பக்கம் போகும் என்று உனக்குப் பயம். எனக்கும் பயம்தான், அதை மறைக்கப் போவதில்லை. இந்தக் கடிதத்தை நீ படித்துவிட்டு, நம் குழுவில் மாலை போடுகிற மற்றவர்களின் அம்மாக்களிடமும் கொடு. ஊர் பார்க்காத எதையும் நான் இதில் எழுதப்போவதில்லை. அவர்கள் வீட்டிலும் இந்த நாள் வரும், வந்த வீடுகளும் இருக்கின்றன.

நீ குடிக்க ஆரம்பித்த கதையை நான் நீட்டப்போவதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுக் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசில் லோடு ஏற்றப் போனாய். உடம்பு வலிக்கு என்று ஆரம்பித்தது. பிறகு வலி இல்லாத நாளிலும் வேண்டியிருந்தது. அண்டா போனது, குத்துவிளக்கு போனது, என் காதில் கிடந்தது போனது. அதெல்லாம் பொருள், போனால் போகட்டும் என்று நான் விட்டிருப்பேன். உன்னைப் பெற்ற அய்யாவால் விட முடியாதது அந்தக் கிடா. சுடலைமாடனுக்கு நேர்ந்து, காதைக் கீறி அடையாளம் வைத்து, கோயில் கொடை வரும்வரைக்கும் யாரும் கை வைக்கக்கூடாது என்று வளர்த்த கிடா. ஆடு மேய்க்கிற வீட்டில் பிறந்தவனுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. எத்தனை பஞ்சத்திலும் நேர்ந்துவிட்டதை விற்கக்கூடாது. ஒரு சனிக்கிழமை நீ அதை எட்டயபுரம் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போய்க் கறிக்கடைக்காரனிடம் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து வந்தாய். அய்யா உன்னை அடிக்கவில்லை. அடிப்பார் என்று நான் நடுவில் போய் நின்றேன். அவர் என்னைப் பார்த்து, “பட்டிக்குள்ள காலு வைக்காண்டாம்னு அவன்கிட்டச் சொல்லு” என்றார். நீ அவருக்கு எதிரில்தான் நின்றாய். அன்றோடு உன்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார்.

அந்த நாட்களில் உன் பெயரை நான் கேட்காத நாளே கிடையாது. பஸ் கண்டக்டர் சொல்வார், டீக்கடைக்காரர் சொல்வார், தண்ணீர்க் குழாயடியில் நிற்கிறவள் சொல்வாள். உன் பெயரைச் சொல்லி, ‘அங்கன கெடக்கான்’ என்பார்கள். என் மாமனாரின் பெயர் அது. ஆசை ஆசையாய் வைத்த பெயர். தெருவில் யாராவது அந்தப் பெயரைச் சொன்னாலே நான் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவேன். எங்கே விழுந்து கிடக்கிறாய் என்று பார்த்துத் தூக்கி வர வேண்டுமே. கடைசியில் எனக்கே அந்தப் பெயர் பிடிக்காமல் போயிற்று. உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை, இப்போதுதான் யோசிக்கிறேன்.

முதல் மாலை போட்டது உனக்கு நினைவிருக்கும். நம் ஊர்க் குருசாமி தையல் மெஷினை நிறுத்திவிட்டு வீட்டுக்கே வந்து, “தாயி, அவன என்கூட அனுப்பு. திருச்செந்தூரு வரைக்கும் நடக்க வைக்கேன். மத்தத அவன் பாத்துக்கிடுவான்” என்றார். எந்த அவன் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு மண்டலம் நீ தங்கமாக இருந்தாய். விடியற்காலையில் குளித்தாய். செருப்பில்லாமல் நடந்தாய். உன்னைக் கண்டபடி திட்டியவர்கள் எல்லாம் கை எடுத்துக் கும்பிட்டு ‘சாமி’ என்றார்கள். நான் தலை நிமிர்ந்து பள்ளிக்கூடத்துக்குப் போனேன். நீ நடந்து போய்த் திரும்பி வந்த நாளில், நம் குழுவின் வழக்கப்படி வாசலில் உன்னை நிறுத்தி, காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, என் கையால் மாலையைக் கழற்றினேன். உள்ளே கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. விரதம் இருந்து மெலிந்து போன பிள்ளைக்கு ஒரு மண்டலத்துக்கும் சேர்த்துச் சாப்பாடு போட வேண்டாமா? உன் மாமா துண்டுக்குள் ஒரு பாட்டிலைச் சுற்றிக்கொண்டு வந்தான். “பாவம், புள்ள இத்தன நாளு வாயக் கட்டியிருக்கு” என்றான். என் தம்பிதான், என்ன செய்ய. அவன் அதைக் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. நம் பக்கத்தில் யாரும் அதைக் கெட்டதாக நினைப்பதுமில்லை. மாலை கழற்றுகிற நாள் என்றால் கறியும் பாட்டிலும் வரும், பட்டினி முடிந்த மாதிரி ஒரு கொண்டாட்டம். ஒரு மண்டலமும் அந்த நாளை எதிர்பார்த்தே ஆண்கள் விரதம் இருக்கிறார்கள், பெண்கள் மசாலா அரைக்கிறார்கள். அன்றைக்குச் சாயங்காலமே கண்டக்டர் வந்து உன் பெயரைச் சொன்னார். நான் செருப்பைத் தேடினேன்.

அடுத்த தையில் நீயாகக் குருசாமியிடம் போய் மறுபடி மாலை வாங்கிக்கொண்டாய். நான் ஆசைப்படவுமில்லை, தடுக்கவுமில்லை. அந்த வருடம் நடந்து போகிற வழியில், ஆத்தூர்ப் பக்கம் ஒரு வாழைத்தோட்டத்துக் கொட்டகையில் எல்லோரும் இளைப்பாறியிருக்கிறீர்கள். தோட்டக்காரர் சுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, எந்தப் பக்கத்து ஆட்கள் என்று கேட்டிருக்கிறார். எப்போதும்வென்றான் பக்கம், ஆடு மாடு மேய்க்கிற ஊர் என்றதும், “அப்பம் ஆட்டு எரு கெடைக்குமா சாமி? காசு குடுத்தாலும் சுத்தமானது வரமாட்டேங்கு” என்றாராம். மற்றவர்கள் சிரித்துவிட்டு நடையைக் கட்டினார்கள். நீ அந்த வார்த்தையையும் எடுத்துக்கொண்டு திருச்செந்தூர் போய்ச் சேர்ந்திருக்கிறாய். சந்நிதியில் நின்றுகொண்டு புழுக்கையை நினைத்த பக்தன் நீ ஒருவனாகத்தான் இருப்பாய்.

திரும்பி வந்த அன்றைக்கு மறுபடி அதே வாசல், அதே மஞ்சள் தண்ணீர். நான் இரண்டு கையையும் உன் கழுத்துக்குக் கொண்டு வந்தபோது நீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய். “அம்மா, கழட்டாதம்மா. கழட்டுனா எனக்கு அந்தக் கடைக்குப் போற வழி ஒண்ணுதான் தெரியும்” என்றாய். நான் குருசாமியைப் பார்த்தேன். அவர், “மொறப்படி கழட்டத்தான் செய்யணும் தாயி. ஆனா பெத்தவ மனசு என்ன சொல்லுதோ அதச் செய்யி” என்றார். நான் கையை இறக்கிவிட்டேன். அன்றைக்கு அது சரி. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். வைத்திருந்த கறிக்குழம்பைத் தூக்கிக்கொண்டுபோய் என் தம்பி வீட்டில் கொடுத்தேன், அவன் மட்டும் வயிறாரச் சாப்பிட்டான். நீ வீட்டுக்குள் வராமல், மாலை போட்டவர்களுக்கென்று ஒதுக்கிய அந்தத் தகரக் கொட்டகைக்கே போய்ப் பாயை விரித்தாய். இன்றுவரைக்கும் உன் பாய் அங்கேதான் கிடக்கிறது.

அதற்கப்புறம் நடந்ததைத் தொழில் என்று சொல்வதற்கே எனக்குக் கொஞ்ச நாள் வெட்கமாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். லோடு வேலைக்குப் போகமாட்டேன், அங்கே கூட்டு சரியில்லை என்றாய். சரி. ஆட்டைத் தொடலாம் என்றால் அய்யா விடமாட்டார். ஆடுகள் மேய்ச்சலுக்குப் போகும்வரை வேலிக்கு வெளியே நின்றுவிட்டு, அவை போனபிறகு வாரியலை எடுத்துக்கொண்டு பட்டிக்குள் இறங்கினாய். காலு வைக்கக்கூடாது என்று அய்யா சொன்னது ஆடு இருக்கும்போதுதான் என்று உனக்கு நீயே சட்டம் போட்டுக்கொண்டாய். கூட்டிக் குவித்தாய், காயப்போட்டாய், சாக்கில் கட்டினாய். அக்கம்பக்கத்தில் சும்மா அள்ளிக்கொண்டு போகிற புழுக்கையை ஒரு டெம்போவில் ஏற்றி ஆத்தூருக்குக் கொண்டுபோனாய். ஊர் உனக்குப் புழுக்கைச் சாமி என்று பட்டம் கட்டியது. பள்ளிக்கூடத்தில் ஆயாம்மா என்னிடம், “சாமிக்கு நைவேத்தியம் என்னக்கா, பருத்திக்கொட்டையா?” என்று கேட்டாள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, பிள்ளைகளுக்கு முட்டை உரிக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தேன்.

அய்யா பேசிய நாளை நான் மறக்கமாட்டேன். நீ வாய் கட்டாமல் வைத்திருந்த ஒரு சாக்கில் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். விரல்களுக்கிடையில் விட்டுப் பார்த்தார். “மண்ணோட அள்ளாத. மூட்ட கனக்கும், வாங்குதவன் ஒரு தடவதான் வாங்குவான்” என்றார். உன்னைப் பார்க்காமல் சாக்கைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் என் வழியாகச் சொல்லவில்லை, உன்னிடமே சொன்னார். நீ அடுப்படி வாசல் வரைக்கும் ஓடி வந்து, “அய்யா பேசிட்டாவம்மா” என்றாய். அந்தக் கிடாவுக்குப் பிறகு உன்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு புழுக்கையில் மண் கலந்ததைப் பற்றி. அன்றைக்கு நான் அழுதேன், வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டேன். மறுநாள் அவர் ஆடு இருக்கும்போதே பட்டியின் படலைத் திறந்து வைத்துவிட்டு உனக்காக நின்றார்.

நீ எரு வாங்கப் பக்கத்து ஊர்களுக்குப் போக ஆரம்பித்தபோது ஒரு காரியம் செய்தாய். அதை நீ பெரிதாக நினைத்திருக்கமாட்டாய். எருக் காசை வீட்டு ஆண்களிடம் கொடுக்காமல், பட்டியைக் கூட்டுகிற பெண்களின் கையில் கொடுத்தாய். சந்தையில் ஆடு விற்ற காசு எந்தக் கடையில் இறங்கும் என்று உன்னைவிடத் தெரிந்தவன் யார்? ஊர் ஊராகச் சண்டைக்கு வந்தார்கள். இப்போது நமக்குச் சம்பந்தியாகப் போகிற பேச்சியின் அப்பா உன் சட்டையையே பிடித்தார் என்று கேள்விப்பட்டேன். “ஏலே சாமி, ஆடு எனக்கு, புழுக்க மட்டும் அவளுக்கா?” என்று அவர் கேட்க, நீ, “ஆடு உங்களுதுதான் அண்ணாச்சி. கூட்டிக் குமிச்சது யாரு? வாரியல் யாரு கையில இருக்கோ, அவிய கையிலதான் குடுப்பேன். வேணும்னா நாளையில இருந்து நீங்க கூட்டுங்க” என்றாயாம். வாரியலோடு நின்றிருந்த பேச்சி அதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள் என்று நீயே வந்து சொன்னாய். அதைச் சொல்லும்போது உன் முகம் இருந்த இருப்பைப் பார்த்தே, அந்த ஊருக்கு நீ எருவுக்காக மட்டும் போகவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இன்றைக்கு எத்தனையோ வீடுகளில் அந்தக் காசில் பிள்ளைகளுக்குத் தீபாவளித் துணி வாங்குகிறார்கள், நான் அந்தப் பிள்ளைகளுக்குத்தான் சோறு போடுகிறேன். உன் தொழிலைப் பற்றி எனக்கு இருந்த வெட்கம் அங்கே போயிற்று.

இப்போது மாலைக்கு வருகிறேன். மாலைதான் உன்னைப் பிடித்து வைத்திருக்கிறது என்று நீ நம்புகிறாய். அப்படியானால் ஒன்று கேட்கிறேன். மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, குடித்து முடித்து, வாயைக் கொப்புளித்துவிட்டு மறுபடி எடுத்துப் போட்டுக்கொள்கிற ஆட்களை உனக்குத் தெரியாதா? நம் குழுவிலேயே ஒருவர் இருந்தார், குருசாமி அவரைத் திருப்பி அனுப்பினார். அதே துளசிமணி, அதே மந்திரம். அவரை ஏன் அது பிடிக்கவில்லை? நான் முருகனைக் குறைத்துப் பேசவில்லை. மணியை மட்டும் பேசுகிறேன்.

போன ஐப்பசி மழையை நினைத்துப் பார். விளாத்திகுளம் ரோட்டோரம் நீ குவித்து வைத்திருந்த எரு முழுதும் நனைந்து, நாறி, வாங்க வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு லோடு வேண்டாம் என்று திரும்பிவிட்டார். அதுவரைக்கும் சேர்த்ததெல்லாம் அந்தக் குவியலில் இருந்தது. நீ எழுந்து மழையில் போனாய். நீ போன பாதையில்தான் அந்தக் கடையும் இருக்கிறது. நான் வாசலிலேயே நின்றேன். கண்டக்டர் வருவார் என்று நின்றேன், செருப்பைக்கூட எடுத்து வைத்துவிட்டேன். நீ எங்கே போயிருந்தாய்? ஒவ்வொரு ஊராகப் போய், எரு கொடுத்த ஒவ்வொரு பெண்ணிடமும், “இந்தத் தடவ காசு சொணங்கும், ஆனா வந்துரும்” என்று நேரில் சொல்லிவிட்டு வந்திருக்கிறாய். முழங்கால் வரைக்கும் கரிசல் அப்பி, கால் தூக்க முடியாமல் வந்து நின்று, “கஞ்சி இருக்காம்மா?” என்று கேட்டாய். அன்றைக்கு உன் கழுத்தில் என்ன கிடந்தது என்று நான் பார்க்கவில்லை. உன் காலைத்தான் பார்த்தேன். அந்தக் கடையைத் தாண்டிப் போய், தாண்டித் திரும்பி வந்த கால்.

ஒரு தடவை உன்னிடம் கேட்டேன், தினமும் காலையில் கண்ணை மூடிக்கொண்டு முருகனிடம் என்னதான் வேண்டிக்கொள்கிறாய் என்று. குடிக்காமல் இருக்க வேண்டும் என்று கேட்பாய் என நினைத்தேன். “இன்னைக்குக் கூட்டுததுக்கு ஒரு பட்டி காட்டுன்னு கேக்கேன்ம்மா” என்றாய். எனக்கு அந்த வேண்டுதல் மிகவும் பிடித்திருந்தது. அதைக் கேட்பதற்கு மாலை வேண்டாம், தாடி வேண்டாம், பச்சை வேட்டியும் வேண்டாம். கல்யாணமானவனும் கேட்கலாம், பிள்ளை பெற்றவனும் கேட்கலாம்.

நீ யோசித்துப் பார். விரதம் என்றால் என்ன? மாலை போடுகிறோம், நடக்கிறோம், அவனைப் பார்க்கிறோம், வீட்டுக்கு வருகிறோம், கழற்றுகிறோம். கழற்றுவதும் அதில் சேர்ந்ததுதான். நீ போனாய், பார்த்தாய், திரும்பியும் வந்தாய். ஆனால் வாசலோடு நின்றுவிட்டாய். மூன்று வருடமாகத் தனிக் கொட்டகை, தனித் தட்டு, தனிப் பாய். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குச் செய்கிற மாதிரி நானும் எல்லாம் செய்கிறேன். நீ பத்தாம் வகுப்பு பாஸான போது கோவில்பட்டிப் பாத்திரக்கடையில் உன் பெயர் வெட்டி வாங்கிய எவர்சில்வர் தட்டு இன்னும் பரணில் இருக்கிறது. நீ அதையும் ஒரு நாள் விற்கக் கொண்டுபோனாய். பெயர் வெட்டின தட்டை எவனும் வாங்காததால் திரும்பக் கொண்டுவந்து வைத்தாய். இன்று காலையில் அதை எடுத்துப் புளி போட்டு விளக்கினேன். எழுத்து அப்படியே இருக்கிறது.

பேச்சி போன வாரம் அவள் அம்மாவோடு வந்திருந்தாளே, அப்போது நீ லோடோடு போயிருந்தாய். அவள் என்னைத் தனியாகப் பட்டிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், “அத்தை, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டியளே? அவிய பேரு என்ன? எங்க ஊருல எல்லாரும் சாமின்னேதான் சொல்லுதாவ. எங்க வீட்டுலயும் அதுக்கு மேல யாருக்கும் தெரியல” என்றாள். பெண் பார்த்து, பூ வைத்து, நாள் குறித்து, மாப்பிள்ளையின் பெயர் தெரியாத பெண்ணை நான் இப்போதுதான் பார்க்கிறேன். சொன்னேன். அவள், “கட்டுனதுக்கு அப்புறம் நான் அவிய பேரச் சொல்லக்கூடாதுல்லா. இப்பவே ஒரு தடவ சொல்லிப் பாத்துக்கிடுதேன்” என்று சொல்லிவிட்டு, உன் பெயரைச் சத்தமாகச் சொன்னாள். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? என் கண் செருப்பைத் தேடவில்லை. அந்தப் பெயரை இத்தனை வருடத்துக்குப் பிறகு ஒருத்தி ஆசையாகச் சொல்லிக் கேட்டேன். நீ அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டும்.

அவளிடம் நான் எதையும் மறைக்கவில்லை. கிடாக் கதையைக்கூடச் சொன்னேன். “எங்க அப்பாவப் பாத்து வளந்தவ நான், எனக்குத் தெரியாததா அத்தை” என்றாள். அதனால், அவளுக்காகத் தள்ளிப்போடுகிறேன் என்று மட்டும் சொல்லாதே. நீ தள்ளிப்போடுவது உனக்காக. மாலை இல்லாத ஆளை, அந்தப் பழைய பெயர்க்காரனை, அவளிடம் காட்டப் பயப்படுகிறாய். அவள் கட்டிக்கொள்ளப் போவது அவனைத்தான். சாமியைக் கட்டிக்கொள்ள அவளுக்கு என்ன தலையெழுத்து?

நீ இனிக் குடிக்கவே மாட்டாய் என்று நான் எழுதித் தரமாட்டேன். அப்படி எழுதித் தருகிறவர்களை நம்பாதே. தொண்டை வறளுகிற நாள் வரும். வந்தால் அதை அவளிடம் வாய்விட்டுச் சொல். எங்களிடம் சொல்லாமல் நீ விழுங்கியதுதான் முன்னால் உன்னை விழுங்கியது. வாரியலை விடாதே. எத்தனை லாரி ஓடினாலும் ஒரு பட்டியையாவது நீயே கூட்டு. அடுத்த தையில் மறுபடி மாலை போடு, நட, வா, வந்தவுடன் கழற்று. ஒவ்வொரு வருடமும் போடு, ஒவ்வொரு வருடமும் கழற்று. போடுவதற்கு இருக்கிற தைரியம் கழற்றுவதற்கும் வேண்டும். ஒருவேளை நீ தவறிவிட்டாலும் வீடு இங்கேதான் இருக்கும், நானும் இருப்பேன், செருப்பும் இருக்கும். எனக்கு வயதாகிவிட்டது, முன்னைப்போல உன்னைத் தூக்க முடியாது. ஆனால் வருவேன்.

இனி, நான் செய்துவிட்ட காரியங்களைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. முகூர்த்தத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை காலையில் மாலை கழற்றுவது என்று குருசாமியிடம் பேசிவிட்டேன். அன்றைக்குக் கறி கிடையாது, விருந்து கிடையாது. உன் மாமாவிடம், கல்யாணத்துக்கு வா, வெறுங்கையோடு வா, துண்டை வீட்டில் வைத்துவிட்டு வா என்று சொல்லியாகிவிட்டது. ஆத்தூர் லோடை அந்தச் செவ்வாய்க்கிழமைக்கே வைத்துக்கொள்ளச் சொல்லி அய்யா உன் டெம்போக்காரரிடம் பேசிவிட்டார். கழற்றியவுடன் சாப்பிட்டுவிட்டு மூட்டை ஏற்ற வேண்டும். அய்யாவும் உன்னோடு வண்டியில் வருகிறார். வாழைத்தோட்டத்தைப் பார்க்க வேண்டுமாம். அவர் எந்தத் தோட்டத்தையும் பார்க்க ஆசைப்பட்டதாக எனக்கு நினைவில்லை. கேட்காதே, கூட்டிக்கொண்டு போ.

அச்சாபீஸ்காரருக்கும் இன்று காலையில் போன் செய்து பெயரைச் சொல்லிவிட்டேன். “எழுத்து எந்த அளவுல போடட்டும்க்கா?” என்றார். நல்லாப் பெரிசாகப் போடுங்கள், தாய்மாமன் பெயரைவிடப் பெரிசாகப் போடுங்கள் என்றேன்.

அதனால் செவ்வாய்க்கிழமை காலையில் குளித்துவிட்டு வாசலில் வந்து நில். நான் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவேன். கும்பிட்டுக்கொள்வேன், கடைசியாக ஒரு தடவை சாமி என்று சொல்லிக்கொள்வேன். பிறகு இரண்டு கையையும் உன் கழுத்துக்குக் கொண்டுவருவேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தால் பிடித்துக்கொள், ஆனால் இந்தத் தடவை நான் கையை இறக்கமாட்டேன். மாலையைக் கழற்றி அய்யாவிடம் கொடுப்பேன், அவர் அதை முருகன் படத்தில் மாட்டுவார். உள்ளே உன் தட்டில் சோறு போட்டு வைத்திருப்பேன். அப்புறம் மூன்று வருடமாக என் வாய்க்குள்ளேயே கிடக்கிறதை, தெருவுக்கே கேட்கும்படி சொல்வேன்:

“ஏலே செல்லையா, உள்ள வா.”

அம்மா